நாயைப் பகலுக்குக் கேட்ட சிஸ்டர்

மிஷன் ஆஸ்பத்திரி ஞானம்மாள் சிஸ்டர் அவர்கள் சென்ற செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் காலமானார்கள். சாயங்காலம் வரை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய என் ஆள் சின்னப்பன், உச்சி வேளையிலேயே நாயோடு வேலூரில் தோல் பதனிடும் என் ஷாப்புக்குத் திரும்பி வந்து, "அம்மா போய்ட்டாங்க முதலாளி" என்றான்.

ஆஸ்பத்திரிக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று அம்மாவை அறியாதவர்கள் கேட்கலாம்.

சில வருஷங்களுக்கு முன் சின்னப்பன் ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் தவறி விழுந்தான். கண் இரண்டும் வெந்துபோயின. மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தோல் வேலைக்காரன்மேல் வீசும் நாற்றம் குளித்தால் போகாது. அந்த நாற்றத்தைச் சுமந்துதான் நானும் முதலாளி ஆனேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் மூக்கைப் பிடித்தார்கள். அவனைக் கடைசிக் கட்டிலுக்கு மாற்றும்படி ஆயிற்று. அவன் கைகளைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். பேச்சில்லை, கஞ்சி இறங்கவில்லை. இப்படியே போனால் ஆள் தேறமாட்டான் என்று சிஸ்டர் எனக்குச் சொல்லியனுப்பினார்கள்.

நான் போனபோது, ஷாப்பின் காவல் நாய் வீரனும் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்துவிட்டது. வார்டுக்குள் புகுந்து, யாரையும் ஏறிட்டுப் பாராமல், நேரே கடைசிக் கட்டிலுக்குப் போய்ப் போர்வைக்குள் மூக்கை நுழைத்தது. அதற்குப் பிடித்த வாசனை அங்கேதானே இருந்தது. நான் கம்பை ஓங்கினேன். "கம்பைக் கீழ போடுங்க முதலாளி" என்றார்கள் சிஸ்டர். கட்டுப்போட்ட கண்ணோடு சின்னப்பன் நாயின் அறுந்த காதைத் தடவிப் பார்த்தான்.

"வீரனா? நீ இங்க வந்துட்டா ஷாப்புக்கு யாருடா காவல்?"

அன்று அவன் கஞ்சி குடித்தான்.

சிஸ்டர் அங்கேயே என்னிடம் பேரம் தொடங்கினார்கள். நாயை விட்டால் சரக்கு திருட்டுப் போகும் என்றேன். "திருடன் ராத்திரிதானே வர்றான்? பகல்ல அது தூங்கத்தானே போவுது? இங்க வந்து தூங்கட்டும்" என்றார்கள். மாதனூர் தோல் சந்தை வரை பேரம் பேசிப் பழகிய நான், நாயைப் பகலுக்குத் தர ஒப்புக்கொண்டேன்.

நாய் அழுக்கு என்றார் டாக்டர். சிஸ்டர் தாமே கிணற்றடியில் கார்பாலிக் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக் காட்டினார்கள். வீரனுக்கு அது பிடிக்காது. சோப்பைக் கண்டாலே வண்டிக்கடியில் ஒளிந்துகொள்ளும். தினமும் சிஸ்டர் குனிந்து இழுத்துத்தான் குளிப்பாட்டுவார்கள்.

முன்பு மூக்கைப் பிடித்தவர்களில் ஒருவர், கால் முறிந்து கிடந்த குமாஸ்தா. நாயைத் தம் பக்கம் அனுப்பச் சொன்னார். "அது சின்னப்பன் நாய். அவரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். குமாஸ்தா கட்டையை ஊன்றிக்கொண்டு கடைசிக் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார். விளக்கு ஏற்றும் வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மருந்து எது, எங்கே போட வேண்டும் என்று தெரிந்த அம்மா அவர்கள்.

சின்னப்பனுக்கு ஒரு கண் தெளிந்தது. நாயைத் தினமும் வார்டுக்குக் கூட்டிப்போவதே அவன் வேலை ஆயிற்று.

அடக்கத்துக்கு மறுநாள் நானும் கூடப் போனேன். புது சிஸ்டர் நாயை உள்ளே விடுவார்களோ என்று சின்னப்பன் வழியெல்லாம் புலம்பினான். போய்ச் சேர்ந்ததும் வீரன் வண்டிக்கடியில் ஒளியவில்லை. தானாகவே கிணற்றடிக்குப் போய், தலையைத் தாழ்த்தி நின்றது. புது சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டுச் சோப்பு எடுத்து வரப் போனார்கள்.

நிம்மதியாகப் போய் வாருங்கள், அம்மா. நீங்கள் முடித்த பேரத்தை நானும் புது சிஸ்டரும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். பகல் ஆஸ்பத்திரிக்கு, இரவு ஷாப்புக்கு. நாய்க்குக் கஞ்சி என்னுடையது, சோப்பு ஆஸ்பத்திரியுடையது. வாடகை கிடையாது. வார்டுக்குள் நாய் முதலில் போவது கடைசிக் கட்டிலுக்கு.