உபகாரமேரி எட்டுப் போட்ட விதம்

உபகாரமேரி, பிலவேந்திரனின் மூத்த மகள். பிறந்தது கச்சிராயபாளையம், 1979. வேலை, கிராம சுகாதாரச் செவிலியர். 2022-ஆம் ஆண்டு, தாமே விரும்பிக் கேட்டு, கல்வராயன் மலைமேல் ஒரு துணை சுகாதார நிலையத்திற்கு மாறுதல் பெற்றார். அதைச் சேர்ந்த ஆறு ஊர்களில் நான்கிற்குப் பேருந்து கிடையாது. இரண்டு மாதத்திற்குள் ஸ்கூட்டர் உரிமம் வாங்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அவரோ ஏற்கெனவே இரண்டு முறை எட்டுப் போட்டு, இரண்டு முறையும் கால் ஊன்றித் தோற்றிருந்தார்.

தெருவில் அவர் ஓட்டியதில் குறையில்லை. தேர்வு வைக்கும் வாகன ஆய்வாளர் பார்க்கிறார் என்றதும் கை நடுங்கும், அவ்வளவுதான்.

தம்பி ரெக்ஸ் சும்மா இருப்பானா? கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் என்.எல்.பி. பயிற்சிக்குப் போய், சொல்லாலும் நினைவாலும் மனத்தைப் பழக்கும் வித்தை என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வந்திருந்தான். அக்காவின் நடுக்கத்துக்கு அதிலிருந்து அவன் எடுத்த மருந்து 'ஆங்கரிங்', அதாவது நங்கூரமிடுதல். துள்ளிக் குதித்த ஒரு நாளை நினைத்து, மகிழ்ச்சி பொங்கும் நொடியில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்த வேண்டும். பழகிவிட்டால், அழுத்தியதுமே அந்தத் தெம்பு வந்துவிடுமாம். உபகாரமேரி தேர்ந்தெடுத்தது, கோயில் திருவிழாவின் மியூசிக்கல் சேர் போட்டியில் எவர்சில்வர் குடம் வென்ற நாள். சோறு வடிக்கும் இடைவெளியிலும் தடுப்பூசிப் பெட்டியோடு நடக்கும்போதும் அழுத்தினார். போகப் போக, அழுத்தினாலே சிரிப்பு வந்தது.

மூன்றாம் தேர்வு. முதல் வளைவில் நடுக்கம் எட்டிப் பார்த்தது. விரல்களைச் சேர்த்து அழுத்தினார். கைப்பிடி ஒரு பக்கம் போயிற்று, கால் தரைக்கு வந்தது.

"தோத்துட்டேன்னு சொல்லக் கூடாதுக்கா," என்று நோட்டைப் புரட்டினான் ரெக்ஸ். "தகவல் கெடைச்சிருக்குன்னு சொல்லணும். அதுக்குப் பேரு ரீஃப்ரேமிங்."

"இன்னா தகவல்? எனக்கு மூணு கை இல்லன்றதா?"

சொன்ன பிறகுதான், அது வெறும் கேலியல்ல என்று உபகாரமேரிக்கே பட்டது. வண்டி ஓட்டும்போது வேலையில்லாமல் கிடப்பது எது? நாக்கு. அன்றே குடம் வென்றதை மறுபடி நினைத்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பழகத் தொடங்கினார். மூன்று வாரம் அவர் பேச்சு பாதியாகக் குறைந்தது. மருந்து வீட்டாருக்கும் நன்றாகக் கேட்கிறது என்றான் ரெக்ஸ்.

கெடு முடிய நான்கு நாள் இருக்கையில், கால் ஊன்றாமல் எட்டை முடித்தார். வாயில் மிட்டாய் ஏதும் வைத்திருக்கிறாரா என்று ஆய்வாளர் கேட்டார். இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார்.

மலைமேல் அவர் ஸ்கூட்டரில் பணிக்குப் போகத் தொடங்கி மூன்று ஆண்டுகள்.