சேந்தன் அடிக்காத கோல்கள்

என் கணவனிடம் “நீங்க எத்தனை கோல் அடிச்சிருக்கீங்க?” என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டெக்சஸில் நாங்கள் இருக்கும் ஆலன் என்ற ஊரில் யார் வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் கையில் பேப்பர் தட்டோடு ஓர் அங்கிள் வந்து நின்று இதைத்தான் கேட்பார். சேந்தன் சிரித்துக்கொண்டே “ரெண்டு” என்பான். சீசனுக்கு இரண்டா என்பார் அவர். இல்லை, மொத்தமே இரண்டுதான் என்பான் இவன். அப்போது அந்த முகத்தில் ஓர் இரக்கம் வரும் பாருங்கள், தட்டைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்த்துவிடலாமா என்றிருக்கும் எனக்கு. சேந்தனுக்குக் கோபம் வராது. அவனுக்கு வரவேண்டியதையும் சேர்த்து நான்தான் கோபப்படுகிறேன்.

சேந்தன் பிறந்தது பாரிஸுக்கு வெளியே லா கூர்நெவ் என்ற ஊரில். அவன் அப்பா ஆனந்தராஜா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போய், ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவத் தொடங்கி, பிறகு அங்கேயே சமையல்காரர் ஆனவர். பையன் கணக்கில் கெட்டிக்காரன் என்பதால் கணக்காளனாக வருவான் என்று நினைத்திருந்தார். பையனோ சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். பதினான்கு வயதில் ஒரு கிளப் அவனைத் தன் பயிற்சி விடுதியில் சேர்த்துக்கொண்டபோதுதான் விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. தமிழ் வகுப்புக்கு மட்டம் போட்டதற்காக அம்மா ராஜராணி ஒரு வாரம் அவனோடு பேசவில்லையாம்.

அவன் ஆடியது நடுக்களத்தில், தற்காப்பு இடம். கால்பந்து தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எதிரணி பந்தை எந்த வழியாகக் கொண்டுவரும் என்று முன்கூட்டியே பார்த்து, அங்கே போய் நின்று, வாங்கி, பக்கத்தில் நிற்கும் தன் ஆளிடம் கொடுத்துவிட்டு மறுபடி இடத்துக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததை யார் கைதட்டிப் பார்ப்பார்கள்? ஃபிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் ஒரு துறைமுக ஊரின் இரண்டாம் டிவிஷன் அணிக்கு ஏழு சீசன், ஆறாம் எண் சட்டை போட்டுக்கொண்டு, முகத்தில் அறையும் உப்புக்காற்றில் இதைச் செய்தான். உள்ளூர்ப் பத்திரிகையில் அவன் பெயர் வந்தது அவன் ஆடாத வாரங்களில்தான். அந்த வாரங்களில் அணி தோற்றிருக்கும்.

பிறகு கணுக்காலில் அறுவை சிகிச்சை. அவன் ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்த மாதங்களில் கிளப் ஃபிரான்ஸுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவிலிருந்து மத்தியூ என்று ஒருவனைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய இவன் உயரம், இவன் நிறம். ஆனால் அவன் வேறு ரகம். இடத்தில் நிற்கமாட்டான், முன்னே பாய்ந்து கோல் அடிப்பான். ஆறாம் எண்ணை அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். யாரும் சேந்தனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடை மாற்றும் அறைக்குப் போனபோது அலமாரியில் வேறு பெயர் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

அதன்பிறகு மூன்றாம் டிவிஷனில் கொஞ்ச காலம். அப்புறம் டெக்சஸில் புதிதாகத் தொடங்கிய ஓர் அணி கூப்பிட, விமானம் ஏறி வந்தான். இரண்டே வருஷத்தில் அந்த அணியை மூடிவிட்டார்கள். பயிற்சியாளர் உரிமம் வாங்கி, பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் உள்ள கம்பெனிகளின் வார இறுதி அணிகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் நான் அவனைப் பார்த்தேன். மேனேஜர் கட்டாயப்படுத்தி மைதானத்துக்கு அனுப்பிய சாஃப்ட்வேர் டெஸ்டர் நான். ஒரு வருஷம் பழகிவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன். என் அப்பா ஜம்புநாதன் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஃபுட்பால் எல்லாம் சரி, பையனுக்கு வேலை என்ன என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு எங்களோடு வந்து தங்கிய அதே அப்பா தலைகீழாக மாறினார். மருமகனை மறைக்க முடியாது என்று தெரிந்ததும் பெரிதாக்கத் தொடங்கினார். போகிற இடமெல்லாம் “மாப்ள ஃபிரான்ஸ் டீம்ல ஆடினவர்” என்று ஆரம்பிப்பார். ஃபிரான்ஸில் ஆடியவன்தான், ஃபிரான்ஸுக்கு ஆடியவன் இல்லை என்று சேந்தன் ஓரிரு முறை திருத்தினான். நான் அப்பாவோடு சண்டையே போட்டேன். ரெண்டுக்கும் என்னம்மா பெரிய வித்தியாசம் என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தார்.

சென்ற வருஷக் கடைசியில் எங்கள் ஊர்த் தமிழ் மன்றம் பிள்ளைகளுக்காக ஒரு கால்பந்துப் பள்ளி தொடங்குவதாக அறிவித்தது. அதன் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பை சேந்தன் மனதார விரும்பினான். அவன் எதையும் விரும்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பந்து காலுக்கு வருமுன் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும், இங்கே யாருமே அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று நாள் முழுக்கப் பேசினான். தன் ஆட்டம் தன்னோடு போய்விடக் கூடாது என்ற ஆசைதான் அது. பொங்கல் விழா மேடையில் பெற்றோருக்கு முன்னால் அவனை அறிமுகப்படுத்திவிட்டு முடிவு செய்வதாக மன்றத் தலைவர் சிவராமகிருஷ்ணன் சொன்னார். அறிமுகத்தைத் தானே பார்த்துக்கொள்வதாக என் அப்பா முன்வந்தார். அப்போதே நான் தடுத்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூட அரங்கு நிறைந்திருந்தது. விளக்கை அணைத்து ஒரு வீடியோ போட்டார்கள். சேந்தன் ஆடிய கிளப்பின் நீலச் சட்டை, முதுகில் ஆறு. தூரத்து கேமரா, முகம் தெரியவில்லை. பந்தை வாங்கி இரண்டு பேரைத் தாண்டி ஒரு கோல். தலையால் முட்டி ஒரு கோல். பிறகு இன்னொன்று, இன்னொன்று. அரங்கமே விசிலடித்தது. பக்கத்தில் இருந்த சேந்தனைத் திரும்பிப் பார்த்தேன். முகம் சாம்பலாகியிருந்தது. “மத்தியூ” என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் இடத்தைப் பறித்துக்கொண்டவனின் கோல்களைப் போட்டுக் காட்டி, இதுதான் என் மாப்பிள்ளை என்று என் அப்பா மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சேந்தன் மேடை ஏறினான். சும்மா நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். பொறுப்பு கையில் வந்து விழுந்திருக்கும். அவன் மைக்கை வாங்கினான்.

“நீங்கள் பார்த்தது நானில்லை. எனக்குப் பிறகு அந்தச் சட்டையைப் போட்டவர். நான் ஏழு வருஷத்தில ரெண்டு கோல்தான் அடிச்சனான்.”

முதலில் சிரிப்பு, அதற்கு அப்புறம் கைதட்டல், விசிலை விடப் பெரிதாக. சிவராமகிருஷ்ணன் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, பாருங்கள் என்ன தன்னடக்கம், நம் பிள்ளைகள் இதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். சேந்தன் தலையாட்டி மறுத்தான். மறுக்க மறுக்கக் கைதட்டல் ஏறியது. பொன்னாடையைப் போர்த்தி அங்கேயே அவனைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்கள். உண்மையைச் சொல்லியும் ஒருத்தரும் காதில் வாங்காத இடத்தில் மனிதன் என்னதான் செய்வான்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். பார்த்துப் போட வேண்டாமா, ஆள் மாறியதுகூடவா தெரியவில்லை என்று கத்தினேன். அவர் சாவகாசமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, தெரியும் என்றார்.

“இவரோட மேட்ச் எல்லாம் முழுசா உக்காந்து பார்த்தேன்மா. கோல் விழும்போது இவர் ஸ்க்ரீன்லயே இல்ல. இதுல எதைக் காட்டச் சொல்ற?”

சேந்தன் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தான்.

“அந்த மேட்சுகளில எங்கட பக்கம் எத்தினை கோல் விழுந்தது மாமா?”

“அத நான் கவனிக்கல மாப்ள.”

“அதுதான் என்ர வேலை. விழாமல் பாக்கிறது.”

அப்பாவுக்குப் புரிந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் டிவி ரிமோட்டைத் தேடத் தொடங்கினார்.

மறுநாள் காலை நாங்கள் மூவரும் சமையலறையில் இருந்தபோது சிவராமகிருஷ்ணன் போன் செய்தார். சேந்தன் ஸ்பீக்கரில் போட்டான். பள்ளியின் இணையப் பக்கத்தில் அந்த வீடியோவை ஏற்றிவிட்டார்களாம். பெற்றோர் அதைப் பார்த்துவிட்டு வரிசையாகப் பதிவு செய்கிறார்களாம். சேந்தன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். அது தானில்லை, அதை எடுத்துவிட வேண்டும், தான் சொல்லிக்கொடுக்கப்போவதும் அந்த ஆட்டமில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். இந்த முறை சிவராமகிருஷ்ணனுக்குப் புரிந்தது.

“அது இருந்துட்டுப் போகட்டும் சேந்தன். அதைப் பார்த்துத்தானே எல்லாரும் சேர்க்கறாங்க. யார் வந்து செக் பண்ணப் போறாங்க?”

சேந்தனின் கழுத்து நரம்பு புடைத்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்திராத முகம் அது.

“அப்ப அவரையே கோச்சா வரச்சொல்லுங்கோ. இப்ப திரும்ப ரெயூனியன்லதான் இருக்கிறார், நம்பர் தாறன். என்னை விடுங்கோ.”

போனை வைத்துவிட்டு, வழக்கமான கம்பெனிப் பயிற்சிக்காகப் பந்துப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவனுக்கு அந்தப் பள்ளி எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். கார் ஏறுமுன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அப்பா காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மருமகனைப் பற்றி ஏதாவது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“நான் இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மன்றத்துக்குப் போறது?” என்றார்.

“உங்க மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போங்கப்பா” என்றேன். “இந்தத் தடவையாவது இன்னொருத்தனோடதக் கடன் வாங்காதீங்க.”