நான்காவது கேசட்

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கு முதலில் போவது கால். துபாயில், தேராவில் ஒரு வீடியோ கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன், இரண்டாயிரத்துச் சொச்ச வருஷங்களில். வியாழன் வெள்ளி வந்தால் ஷார்ஜாவில் ஒரு காதுகுத்து, ராஸ் அல் கைமாவில் செராமிக்ஸ் கம்பெனி சூப்பர்வைசர் வீட்டில் ஒரு பர்த்டே, திரும்பி வரும் வழியில் அஜ்மானில் ஒரு ரிசப்ஷன் என்று நின்றுகொண்டே இருக்க வேண்டும். மற்ற நாட்களில் உட்கார்ந்து அதையெல்லாம் எடிட் செய்ய வேண்டும். ஆறு பேர் படுக்கிற ரூமுக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்தால், கண்ணை மூடினாலும் யாரோ ஒரு மாமா கேக் ஊட்டிக்கொண்டிருப்பார்.

கடை முதலாளி கீழக்கரைக்காரர். அவரை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள். நல்ல மனுஷன். ஆனால் கேசட் விஷயத்தில் மட்டும் கை இறுக்கம். வாடிக்கையாளருக்கு டிவிடி கொடுத்துவிட்டால், ஷூட்டிங் செய்த கேசட் கடையின் கீழ் டிராயருக்குப் போய்விடும். அடுத்த விசேஷத்துக்கு அதன் மேலேயே எடுக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற அந்தக் கேசட்டின் முதுகில் பொடிப் பித்தான் ஒன்று இருக்கும். அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டால் அப்புறம் அதில் யாரும் எதையும் பதிய முடியாது. எங்கள் கடையில் அந்தப் பித்தானை யாரும் தொட்டதில்லை. பூட்டிவிட்டால் டிராயரில் ஒரு கேசட் குறையுமே. கல்யாண கேசட் என்றால் மூன்று மாதமாவது பத்திரமாக இருக்கும், சம்பந்தி வீட்டார் இன்னொரு காப்பி கேட்பார்கள். பர்த்டே கேசட்டை யாரும் திரும்பக் கேட்பதில்லை. முதலில் அழிவது அதுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. யாராவது பேசாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தை வெட்டிவிடுவோம். அழுகிற பாட்டி, முறைத்துக்கொண்டிருக்கிற பங்காளி, எல்லாம் போய்விடும். மிச்சத்துக்குப் பாட்டுப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

ஒரு குளிர்காலத்தில் கடைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். பர் துபாயில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. சொந்த ஊர் ஹங்கேரி. அவருடைய தாயார் அங்கிருந்து ஒரு மாதம் தங்க வந்திருக்கிறாராம். அவரைப் பேசவைத்துப் படம் எடுக்க வேண்டும், பிறகு அதை வைத்து ஒரு டாக்குமெண்டரி செய்யப்போவதாகச் சொன்னார்.

"எங்கள் மொழி உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோ மேடம்."

"ஒரு வார்த்தைகூட?"

"மாஃபி" என்றேன். துபாயில் இல்லை என்பதற்கு இதைவிடச் சின்ன வார்த்தை கிடையாது.

அப்படியானால் நீங்கள்தான் வேண்டும் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆப்ரா படகில் கழிமுகத்தைக் கடந்து, டிரைபாடை மடியில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போன அன்றுதான் விவரமாகச் சொன்னார். அவர்கள் யூதர்கள். இதைக் கடையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஹிட்லரின் ஆட்கள் யூதர்களை ரயிலில் அடைத்துக் கொல்வதற்குக் கொண்டுபோனபோது தாயாருக்குப் பதினைந்து வயது. குடும்பத்தில் திரும்பி வந்தது அவர் ஒருவர்தான். ஒரு தங்கை இருந்தாள் என்பது மட்டும் மகளுக்குத் தெரியும். அந்தத் தங்கை என்ன ஆனாள் என்று அறுபது வருஷமாகத் தாயார் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன் என்று சம்மதித்திருக்கிறார், ஆனால் ஒரு நிபந்தனை. பேசும்போது மகள் வீட்டில் இருக்கக் கூடாது. கேமராக்காரனுக்கு மொழி தெரியக் கூடாது.

நான் பில் புத்தகத்தில் 'பர்த்டே' என்று எழுதினேன். கேசட் லேபிளிலும் அதையே எழுதினேன். பர்த்டே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கடையில் யாரும் தோண்டித் துருவிக் கேட்க மாட்டார்கள் என்று பெரிய புத்திசாலித்தனம் செய்ததாக நினைப்பு.

திங்கள் முதல் வியாழன் வரை, தினம் மதியம் மூன்று மணிக்கு ஒரு கேசட். மகள் என்னை உள்ளே விட்டுவிட்டுக் கீழே காருக்குப் போய்விடுவார். வயதான அந்தத் தாயார் ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார். சின்ன உருவம். நீலக் கைக்குட்டை ஒன்று எப்போதும் மடியில் இருக்கும். எனக்கு முதலில் வால்நட் வைத்த இனிப்பு ரொட்டி ஒரு துண்டு வெட்டித் தருவார். நான் தின்று முடிக்கும்வரை பேசத் தொடங்க மாட்டார். பிறகு ஒரு மணி நேரம், செய்தி வாசிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசுவார். கேசட் முடியப்போகும்போது நான் கையைத் தூக்குவேன். அந்த வாக்கியத்தோடு நிறுத்திவிடுவார். அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போயிற்று. கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியிராத ஒரே ஆள் அவர்தான்.

வியாழக்கிழமை நான்காவது கேசட்டை எடுத்து முடித்ததும் ராஸ் அல் கைமாவுக்கு ஓடினேன். முதல் மூன்றையும் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். நான்காவதை ஏற்ற ஹார்ட் டிஸ்கில் இடமில்லை, ஒரு கல்யாணம் அடைத்துக்கொண்டிருந்தது. மேசையில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் மேசையை ஒழித்தபோது என் கையாலேயே கீழ் டிராயரில் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் ஒரே நாளில் மூன்று விசேஷம். ஷார்ஜா காதுகுத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் டிராயரைத் திறந்து, பர்த்டே என்று எழுதியிருந்ததை எடுத்து, ஆரம்பத்துக்கு ஓட்டி, கேமராவில் போட்டேன். நானேதான். இன்னொருவர் மேல் பழி போட வழியே இல்லை.

ஹார்ட் டிஸ்க் காலியானதும் கேசட்டைத் தேடினேன். காதுகுத்து எடுத்த கேசட்டின் லேபிளில்தான் 'பர்த்டே நான்கு' என்று இருந்தது. போட்டுப் பார்த்தால் மொட்டை அடித்த குழந்தை ஒன்று தாய்மாமன் மடியில் கிடந்து வீரிட்டது.

காக்காவிடம் சொன்னேன், யூதர் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி இப்படிப் பண்ணிட்ட. சரி விடு. டேப்பு மெஷினுல சிக்கிருச்சுன்னு சொல்லு. எல்லாக் கடையிலயும் அதத்தான் சொல்றாங்க."

"வயசான அம்மா காக்கா. திரும்ப எடுக்க முடியாது. ஊருக்குப் போயிட்டாக."

"அதுக்குத்தான் சொல்றேன். நீ உண்மையச் சொன்னா மட்டும் டேப்பு திரும்பி வந்துருமா?"

ஒரு வாரம் அந்த மேடத்தின் போனை எடுக்கவில்லை. பிறகு, மெஷினில் சிக்கிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு ஆப்ராவில் ஏறினேன். அவர் கதவைத் திறந்தபோது மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் விரித்துக் கிடந்தது. நான் முன்பே கொடுத்திருந்த மூன்று டிவிடியையும் பார்த்து ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிவைத்திருந்தார். மூன்றாவது கேசட் ரயில் பெட்டியின் கதவைத் திறக்கும் இடத்தில் முடிகிறதாம். நாளைக்குத் தங்கையைப் பற்றிச் சொல்கிறேன் என்பதுதான் அதில் தாயாரின் கடைசி வாக்கியமாம்.

பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். என்னிடம் அது இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேசட்டைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கிருந்து ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்ததால் கேமராவும் டிரைபாடும் கூடவே இருந்தன, அந்தக் கேசட்டையும் டிராயரில் விட மனமில்லாமல் பையில் போட்டிருந்தேன்; கேமராவை டிவியில் சொருகினேன். வேகமாக ஓட்டப் போனவனைத் தடுத்துவிட்டார். நடுவில் எங்காவது ஒரு துண்டு தப்பியிருக்கலாம் அல்லவா? ஐம்பத்து நான்கு நிமிஷம் ஷார்ஜா காதுகுத்தைப் பார்த்தோம். தட்டு வரிசை, மொட்டை, ஆசாரி, அழுகை, பிரியாணி. ஒரு பிரேம்கூடத் தப்பவில்லை. பிரியாணி முடிந்ததும் திரை நீலமாயிற்று, உடனே அந்த அம்மா வந்தார். நீலக் கைக்குட்டை, ஜன்னல் வெளிச்சம். மகள் தரையில் இறங்கி டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஆனால் தாயார் பேசவில்லை. ஐந்து நிமிஷம் சும்மாவே இருந்தார். கடைசியில் கேமராவைப் பார்த்து இரண்டு வாக்கியம் சொன்னார். கேசட் முடிந்துவிட்டது.

"என்ன மேடம் சொன்னாங்க?"

அவர் டிவியை அணைத்தார். பிறகு சொன்னார்: "மகளே, நான் சொல்லிவிட்டேன். இந்தப் பையன் நின்றுகொண்டே தூங்குகிறான், அவனுக்கு முதலில் ஏதாவது சாப்பிடக் கொடு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முப்பத்து நான்கு வயது ஆம்பிளை அங்கே உட்கார்ந்து அழுதேன்.

அவர் என் எதிரிலேயே ஊருக்குப் போன் போட்டார். நீண்ட நேரம் கெஞ்சினார் என்பது குரலிலேயே தெரிந்தது. போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "திரும்பச் சொல்ல மாட்டாராம். அந்தப் பையனிடம் சொல்லிவிட்டேனே என்கிறார்."

அதன் பிறகு என்னையே பார்த்தார். "அந்த அறையில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள். என்ன பார்த்தீர்கள்?"

எனக்கு மொழி தெரியாது என்றேன். மொழியைக் கேட்கவில்லை, என்ன பார்த்தீர்கள் என்று மறுபடியும் கேட்டார்.

பார்த்தது இருந்தது. மூன்று நாள் கையை மடியில் வைத்தபடியே பேசியவர் அன்றைக்குக் கையை எடுத்தார். தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கி, தங்கை இவ்வளவு உயரம் என்று காட்டினார். கைக்குட்டையை எடுத்து யாருக்கோ தாடைக்குக் கீழே முடிந்துவிடுவது போலச் செய்தார். பிறகு இடது கையால் எதையோ இறுகப் பிடித்தார், நகம் வெளுக்கும்வரை. எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஓட்டை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அசையாமல் கேட்டார்.

"பிடித்தது தங்கையின் கை. பிறகு?"

பிறகுதான் சங்கடம். பிறகு அந்த அம்மா தன் வலது கையால் தன் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டு விரலிலிருந்து தொடங்கி ஐந்தையும். பிரித்து முடித்துக் காலிக் கையைக் கேமராவுக்குக் காட்டினார்.

நான் தயங்குவதை அவர் பார்த்துவிட்டார். "யாராவது அவர்களைப் பிரித்தார்களா? சிப்பாய் யாராவது? அல்லது அம்மாவே கையை விட்டாரா?"

ஆமாம் மேடம், ஒரு சிப்பாய் பிரித்தான் என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஏழு வருஷமாக நான் செய்வதும் அதுதானே, பார்க்கச் சகிக்காத இடத்தை வெட்டி எறிவது. இங்கே கேட்க ஆளும் இல்லை, சரிபார்க்கக் கேசட்டும் இல்லை. அந்த அம்மா மொழி தெரியாத ஒருவனைத் தேடியது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது: தங்கையின் கையைத் தானே விட்டதை, கேட்டு முகம் மாறாத ஒருவன் முன்னால்தான் சொல்ல முடியும். ஒருவேளை நான் நினைத்தது தப்பாகவும் இருக்கலாம். சிப்பாய் செய்ததைத்தான் தன் கையால் நடித்துக் காட்டினாரோ என்னவோ.

"ஆங்கிலம் போதவில்லை மேடம்" என்றேன்.

"உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள்" என்றார். எழுந்து என் கேமராவை டிரைபாடில் மாட்டினார். புதுக் கேசட் ஒன்று வாங்கி வைத்திருந்தார் போல, உறையைக் கிழித்துப் போட்டார். என்னை ஜன்னலோர நாற்காலியில் உட்காரச் சொன்னார். தமிழ் தெரிந்தவரை வைத்துப் பிறகு எழுதிக்கொள்கிறேன் என்றார்.

எத்தனையோ பேரை நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறேன், நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. என் ஊர், என் வேலை, பர்த்டே என்று எழுதியது, டிராயர், காதுகுத்து என்று எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். கைக்குட்டையைச் சொன்னேன். விரல்களைச் சொன்னேன். சுண்டு விரலிலிருந்து அவரே ஒவ்வொன்றாகப் பிரித்தார், அது யாருடைய கை என்று எனக்குத் தெரியாது என்றேன். நடுவில் கொஞ்ச நேரம் நான் டிரைபாடில் சாய்ந்து தூங்கிவிட்டேன், முதல் நாள் ராத்திரி முழுக்க எடிட்டிங், அந்த நேரத்தில் அவர் என்ன காட்டினார் என்று பார்க்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அதைச் சொல்லத்தான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது. மேடம் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் புரியாமல், என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடது கையை மூடி, வலது கையால் விரல்களைப் பிரித்துக் காட்டியபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் பேசி முடித்ததும் அவர் கேமராவை நிறுத்தினார். பிறகு அவர் அடுக்களைக்குள் போய், ஒரு தட்டில் ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தார். "சாப்பிடுங்கள். அம்மா சொல்லியிருக்கிறார்."

கை கழுவப் போகும் முன் கேமராவைத் திறந்து கேசட்டை வெளியே எடுத்தேன். லேபிளில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். முதுகிலிருந்த பொடிப் பித்தானைக் கட்டை விரல் நகத்தால் தள்ளிப் பூட்டி, அவர் கையில் கொடுத்தேன்.