பாகீரதி வீட்டு மானிட்டர்

வலியசாலையில் பாகீரதிக்குத் தட்டை மானிட்டர் வந்திருக்கிறது என்ற செய்தியைக் கரமனையில் சூடாமணி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அழகியநம்பி. கிழக்கேகோட்டையில் சின்ன அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையோ உற்சவ நோட்டீஸோ, தமிழில் டைப் செய்ய வேண்டியது எது வந்தாலும் பாகீரதிக்கும் சூடாமணிக்கும் பிரித்துக் கொடுப்பார். இருவரும் கல்யாணத்துக்கு முன் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து படித்தவர்கள். இப்போது அவரவர் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர்.

"செவுத்துல மாட்டுன படம் கணக்கா இருக்கு மாமி. ஒத்தை விரலால தள்ளிக் காட்டினாங்க. உங்க பெட்டியை நகத்த ரெண்டு ஆள் வேணும்லா" என்று சிரித்தார் அவர்.

சூடாமணியும் சிரித்தாள். அவர் போனபின் தன் மானிட்டரைப் பார்த்தாள். பின்பக்கம் பிதுங்கிக்கொண்டு மேஜையில் பாதியை அடைத்திருந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரு குறையும் வைக்காத சாமான். அன்றைக்குத்தான் அது அசிங்கமாகத் தெரிந்தது.

நார்த்தங்காய் ஊறுகாய் கொடுக்கிற சாக்கில் மறுநாளே வலியசாலைக்குப் போனாள். பாகீரதி பரபரவென்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள்.

"வினய் அனுப்பினதாக்கும். கண்ணு எரியறதுடான்னு போன்ல ஒரு வார்த்தை சொன்னேன். பெங்களூர்லேந்து கொரியர்ல வந்து இறங்கிடுத்து. நான் கேக்கக்கூட இல்லை, கேட்டியோ?"

சூடாமணி கேட்டுக்கொண்டாள். சென்னையில் இருந்த இவள் மகள் விஷ்ணுப்ரியாவும், பாகீரதியின் பிள்ளை வினய் மாதிரி, கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். கண் எரிகிறது என்று அவளிடமும் சொன்னதுண்டு. அவள் ஒரு சொட்டு மருந்தின் பெயரைச் சொன்னாள்.

"பதினஞ்சு இஞ்சுதானே?" என்று கேட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பினாள் சூடாமணி.

ராத்திரி சாப்பாட்டில் கணவர் சேஷனிடம் பேச்சை எடுத்தாள். "ஏன்னா, ஓணம் தள்ளுபடி போட்டிருக்கானாம். ஒரு தட்டை மானிட்டர் பாத்துண்டு வருவோமா?"

"இருக்கறதுக்கு என்ன கேடு?"

"கண்ணு எரியறது."

"இன்னிக்குத்தான் எரிய ஆரம்பிச்சுதோ?" என்றார் சேஷன், மோரை ஊற்றிக்கொண்டே. ஆனாலும் சனிக்கிழமை கூடவே வந்தார்.

புளிமூட்டுப் பக்கம் ஒரு கடை. அங்கே விற்பனையைக் கவனித்த பிரபின் நாகர்கோவில் பக்கத்துப் பையன். புது மானிட்டர்களின் விலையைக் கேட்டதும் சேஷன் மின்விசிறிக்கு நேரே போய் நின்றுகொண்டார். பிரபின் தயங்கி, மூலையில் இருந்த ஒன்றைக் காட்டினான்.

"இது காட்சிக்கு வச்ச பீஸ் மாமி. அதான் பாதி வெல. பதினேழு இஞ்சு."

பதினேழு என்ற வார்த்தை சூடாமணிக்குள் போய் இனித்தது. அவள் குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் நின்று பார்த்தாள். ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். நடுவிலிருந்து கொஞ்சம் வலப்புறமாக ஒரு கறுப்புப் புள்ளி நின்றது.

"அது ஒரு சாரமில்லாத காரியம் மாமி. ஒரு பொட்டு எரியாது, அவ்வளவுதான். ஆனா அதுக்கு வாரண்டி கெடையாது, பாத்துக்கிடுங்க. படம் பாக்கையில தெரியவே தெரியாது."

"நான் படம் பாக்கப் போறதில்லைப்பா. தமிழ் அடிக்கப் போறேன். தமிழ்ல ஒரு புள்ளி கூடினா வேற எழுத்து."

இதைச் சொன்னதும் அவளுக்கே புத்தி தெளிந்த மாதிரி இருந்தது. பழைய பெட்டியில் நிறம் நன்றாக வரும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும். இதிலோ தலையை ஆட்டினால் சிவப்பு வெளுக்கிறது. பாதி விலை என்றாலும் பழுதுக்குக் கொடுக்கிற பணம் முழுப்பணம்தான். "வேண்டாம்" என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது சேஷன் அவளுக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார்.

நான்கைந்து நாள் நிம்மதியாகப் போயிற்று. அப்புறம் பாகீரதி வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"சூடி, வினய் எங்களை பெங்களூருக்கே வரச் சொல்லிட்டான். இனிமே இந்த டைப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்கறான். அந்த மானிட்டரை நீயே எடுத்துக்கோடி. காசெல்லாம் வேண்டாம். நோக்குத் தராம யாருக்குத் தருவேன்?"

அவள் மனசாரத்தான் சொன்னாள். அது சூடாமணிக்கும் தெரிந்தது. தெரிந்ததனால்தான் வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. தினமும் டைப் அடிக்க உட்காரும் மேஜையில் பாகீரதி பிள்ளையின் பாசம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு எழுத்தும் அதற்குள்ளிருந்துதான் வரும்.

"ஐயோ, நான் வாங்கிட்டேனே!" என்றது அவள் வாய். "பதினேழு இஞ்சு. கடைலேந்து கொண்டுவரத்தான் பாக்கி."

அடுக்களை வாசலில் நின்ற சேஷன் திரும்பி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கடை திறக்கும்போதே சூடாமணி வாசலில் நின்றாள். வேறு யாராவது கொண்டுபோயிருப்பார்களோ என்று பஸ்ஸிலேயே பதறிக்கொண்டு வந்திருந்தாள். போகவில்லை. "அந்தப் புள்ளி மாமி..." என்று பிரபின் ஆரம்பித்தான். "இருந்துட்டுப் போகட்டும், பில்லைப் போடு" என்றாள்.

ஊருக்குப் போகுமுன் பாகீரதி விடைபெற வந்தாள். மானிட்டரின் முன்னால் நின்று, "அம்மாடி! என்னோடதை விடப் பெரிசா இருக்கே!" என்றாள். சூடாமணிக்கு உச்சி குளிர்ந்தது. இந்த ஒரு பேச்சுக்குக் கொடுத்த விலை தகும் என்று தோன்றியது.

"அதென்னடி, அங்கே ஒரு புள்ளி?"

"தூசிப் பொடியா இருக்கும்."

பாகீரதி முந்தானையால் துடைத்தாள். குனிந்து பார்த்து, இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தாள்.

"போக மாட்டேங்கறதே."

"விடு, அப்புறம் நான் துடைச்சுக்கறேன்" என்றாள் சூடாமணி. பாகீரதி அவள் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "பொடிதான்" என்றாள் மெதுவாக. அதற்குப் பிறகு இருவரும் ரயில் டிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள்.

பாகீரதி போனபின் வேலை முழுவதும் தனக்குத்தான் வரும் என்று சூடாமணி கணக்குப் போட்டிருந்தாள். இரண்டு மாதம் அப்படித்தான் வந்தது. புள்ளி விழும் இடத்தில் வரியை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தே வேலையை முடித்தாள். பிறகு ஒரு நாள் அழகியநம்பி வெறுங்கையோடு வந்தார்.

"பாகீரதி மாமிக்க அடுத்த வீட்டுல ரெம்யான்னு ஒரு பிள்ளை. மாமி போகையில அந்த மானிட்டரை அதுக்குக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. அதுவும் இப்ப டைப் அடிக்குது. பாவம், சின்னப் பிள்ளை, பாதி வேலையை அங்க குடுத்தேன்."

சூடாமணி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். "தப்பில்லாம அடிக்கறாளோ?"

"ஒண்ணு ரெண்டு தப்பு வருது, மாமி."

"வரும். வராம இருக்குமோ?" என்றாள் சூடாமணி. இரண்டு மாதமாக அவருக்குக் காபி மட்டுமே கொடுத்துவந்தவள், அன்றைக்குத் தட்டில் முறுக்கும் எடுத்து வைத்தாள். "என்னென்ன தப்புன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்கோ."