சந்தனசாமியின் வாய்

மலாய் நாட்டுக் குளுவாங் ரயில்வே கேங்கில் சந்தனசாமிக்கு இருந்த ஒரே வேலை வாய் வேலை. தண்டவாளத்தைத் தூக்குவது மற்றவர்கள் பாடு. இவன் ஓரமாக நின்று ஓர் அடி எடுத்துவிடுவான், கேங் மொத்தமும் ‘ஐலசா’ என்று தூக்கும். அந்த அடிகளை இங்கே எழுதினால் அச்சுக்கோப்பவர் வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவார். ஸ்டேஷன் மாஸ்டரின் மீசையில் தொடங்கி துரையம்மாவின் குளியலறையில் போய் முடியும் பாட்டு அது. ஆனால் அவன் பாடினால் இரும்பு தானாக எழுந்து வரும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோயிலில் அவனுக்குக் கடைசி வரிசை. முன் வரிசை ஆபீஸில் எழுத்துவேலை பார்க்கும் கிராணிமாருக்கு, அதிலும் நடுநாயகமாக உபதேசியார் ஸ்டானிஸ்லாஸ். பிரெஞ்சு சாமியார் ஜொகூர் பாருவிலிருந்து எப்போதாவது ரயிலேறி வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவது இவர் என்பதால், மோட்சத்தின் சாவி தன் கோட்டுப் பையில் இருப்பதாக ஸ்டானிஸ்லாசுக்கு நினைப்பு. அப்பேர்ப்பட்டவரின் மகன் கிரகோரிக்கு, ஊரில் வேறு பெண்ணே இல்லாததுபோல, சந்தனசாமியின் மகள் டொரத்தியைப் பிடித்துப்போனது.

“பொண்ணு தங்கந்தான். உன் வாய்தான் சாக்கடை,” என்றார் உபதேசியார். “ஈஸ்டர் வரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை வரக்கூடாது. வந்துச்சுன்னா இந்தச் சம்பந்தம் இல்ல.”

டொரத்தி தாயில்லாப் பெண், அவனுக்கு உயிர். வாயைப் பூட்டிக்கொண்டான். கேங்கில் புனிதர்களின் பெயரைப் போட்டுப் பாடிப் பார்த்தான். தண்டவாளம் அசையவில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அப்போதும் திருப்பித் திட்டவில்லை.

ஈஸ்டர் நெருங்கும் நேரத்தில்தான், புதுப் பாதை போட வேண்டும், கோயிலை எடுங்கள் என்று உத்தரவு வந்தது. பலகைக் கோயில். கம்பத்து மலாய்க்காரர்கள் தங்கள் கிராமத்தில் வீட்டையே தோளில் தூக்கிப்போய் வேறு இடத்தில் வைப்பதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதேபோல அடியில் மூங்கில்களைக் கட்டினார்கள். அன்றைக்கு வந்திருந்த சாமியாரே அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார். கிராணிமார் இங்கேயும் முன்னால்தான் நிற்போம் என்றார்கள். நிற்கட்டுமே என்று கேங் ஆட்கள் பின்பக்கம் போனார்கள்.

சந்தனசாமியின் பாட்டுக்குப் பதிலாக, நடைக்குத் தாளமாக ஸ்டானிஸ்லாஸ் ஜெபம் சொன்னார். கிராணிமார் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று இழுத்து முடிப்பதற்குள் கேங் ஆட்கள் இரண்டு எட்டு வைத்துவிட்டார்கள். கால்வாயைத் தாண்டும் இடத்தில் கோயில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாரம் முழுக்க முன்மூலையில் நின்ற ஸ்டானிஸ்லாஸின் தோளில் இறங்கியது. மூக்குக்கண்ணாடி சேற்றில் விழுந்தது. அடுத்த மூங்கிலில் கிரகோரியின் முழங்கால் மடங்கிக்கொண்டிருந்தது.

“அலமாக், விழப்போகுது லா,” என்றார் ஒரு கிராணி.

எல்லாரும் சந்தனசாமியைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் மகளின் கல்யாணம் போச்சு. திறக்காவிட்டால் மாப்பிள்ளையே போச்சு.

“சம்பந்தி,” என்று கோயிலுக்கடியிலிருந்து ஸ்டானிஸ்லாஸின் குரல் வந்தது. “உங்க பாட்டையே பாடுங்க, சம்பந்தி.”

அவ்வளவுதான். அடக்கி வைத்ததெல்லாம் வட்டியும் முதலுமாக வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார், மீசை வந்தது, துரையம்மா குளியலறையோடு வந்தாள். “ஐலசா” என்றது கேங். “ஐலசா” என்றார்கள் கிராணிமார். கோயில் நிமிர்ந்து, கால்வாயைத் தாண்டி, புது இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்தது.

எல்லாரையும்விட உரக்கப் பாடியவர் சாமியார். புத்தகத்தில் தமிழ் படித்தவர், மற்ற வார்த்தை ஒன்றும் அவருக்குப் புரியவில்லை. ‘ஐலசா’ மட்டும், பூசையில் தான் பாடும் ‘கீரியே எலெய்சோன்’ என்று காதில் விழுந்தது.

“மெய்யாகவே பக்தி மிகுந்த கீதம், சந்தனசாமி,” என்று கண்கலங்கினார். “ஆண்டவரே இரக்கமாயிரும் என்று இவ்வளவு உருக்கமாக எவரும் பாடி நான் கேட்டதில்லை.”

தமிழில் சாமியார் ஓர் எழுத்துப் பிசகினாலும் திருத்துகிற ஸ்டானிஸ்லாஸ், அன்றைக்குச் சேற்றில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம். சந்தனசாமிக்கு முன் வரிசையில், சம்பந்திக்குப் பக்கத்தில் இடம். சாமியார் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே “கீரியே எலெய்சோன்” என்று எடுத்தார். முக்காட்டுக்குள் டொரத்தியின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறி, முணுமுணுப்பாகத்தான், ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. பழைய வார்த்தை. ஸ்டானிஸ்லாசுக்கு மட்டும் கேட்டது.

அவர் பீடத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “ஐலசா,” என்றார்.