பக்கத்து அறையின் நாற்றம்

ஒயின் ஷாப் கூட்டத்தில் போய் நிற்க எனக்குக் கூச்சம். கம்பெனியில் என்னோடு பேக்கிங்கில் இருக்கும் பையன்கள் அங்கேதான் நிற்பார்கள். பார்த்துவிட்டால் மறுநாள் ஷிப்ட் முழுக்க அதையே சொல்லிச் சிரிப்பார்கள். அதனால்தான் பீரை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அஞ்சாவதோடு நின்றவன் நான். புத்தகத்தைப் பார்த்துச் செய்வதென்றால் வந்திருக்காது. போன் வீடியோவில் ஒருவர் தமிழில் நிதானமாகச் செய்து காட்டினார்.

ஓசூரில் ஒரு லைன் வீட்டில் ஒன்பது வருடமாகத் தனியாக இருக்கிறேன். மனைவியும் மகளும் காவேரிப்பட்டினத்தில். பார்லியை முளைகட்டி மொட்டை மாடியில் காயவைத்தேன். வீட்டுக்காரம்மா கேட்டதற்குச் சத்துமாவுக்கு என்றேன். உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்து, பீருக்குக் கசப்பு தர தபாலில் வரவழைத்த ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்தேன். ஆறியதும் தண்ணீர் கேனில் ஊற்றி, பேக்கரியில் வாங்கிய ஈஸ்டைத் தூவினேன். மூடியில் ஓட்டை போட்டு ஒரு டியூபைச் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டேன். அதில் குமிழி வந்தால் புளிக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு நாளாகியும் ஒரு குமிழி இல்லை. மார்கழிக் குளிர். பக்கத்து அறையில் இருந்த ஒடிசாக்காரர் ஸ்பேனர் கேட்டு வந்தவர், கேனைப் பார்த்துவிட்டார். முகர்ந்து சிரித்தார். அவர் ஊரில் அரிசியில் இப்படி வீட்டுக்கு வீடு போடுவார்களாம். கம்பளியைச் சுற்றி வையுங்கள் என்று பாதித் தமிழிலும் பாதி இந்தியிலுமாகச் சொன்னார். சுற்றினேன். மறுநாள் காலையில் குமிழி வந்துகொண்டே இருந்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம், தெரிந்தால் போலீஸ், வேலையும் போய்விடும் என்று கெஞ்சினேன். உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

நாற்றமும் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. அழுகிய முட்டையும் புளித்த மாவும் கலந்தது போல நடை முழுக்க வீசியது. ஒருவரும் என் கதவைப் பார்க்கவில்லை; பக்கத்து அறையைத்தான் பார்த்தார்கள். ஒடிசாக்காரர் வீட்டில் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துச் சாப்பிடுவது எல்லோருக்கும் தெரியும். நாங்களும் பழைய சோறு சாப்பிடுகிறவர்கள்தான்.

"நம்ம சோறு புளிக்கும், இவங்க சோறு நாறும்" என்றாள் கடைசி அறைக்காரி. குழாயடியில் எல்லோரும் சிரித்தார்கள். குடத்தோடு நின்ற ஒடிசாக்காரர் மனைவிக்கு அது புரியவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். இரண்டு நாள் கழித்து அவர்கள் வாசலில் யாரோ பினாயிலைக் கொட்டி வைத்திருந்தார்கள். அவள் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் வெளியே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரம்மா அவர்களிடம் சொல்லிவிட்டார். ஒடிசாக்காரர் என்னிடம் வந்தார். பிரசவத்துக்கு இங்கே ஆஸ்பத்திரியில் பதிந்திருக்கிறது, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் மறுபடியும் முதலிலிருந்து அலைய வேண்டும் என்றார். அங்கே அவர் சொந்தக்காரர் ஒருவரின் தகரக் கொட்டகைதான் இருக்கிறது. பழைய ஆள் நான் சொன்னால் அந்தம்மா கேட்பார், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். கேனைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இரண்டு பேரும் போய் நின்றோம். உள்ளே மருமகளைத் தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். ஒடிசாக்காரர் பேச வாயெடுத்ததைக் கையால் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்.

"ஏம்ப்பா, நீ பக்கத்துச் செவுருதான? நாத்தம் எங்கருந்து வருதுன்னு நீயே சொல்லு."

ஒடிசாக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இன்னும் மூன்று நாளில் பீர் முடிந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பக்கந்தாங்க" என்றேன்.

அப்போதும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டியிருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோ வந்தது. பாத்திர மூட்டையை ஏற்றிவிடலாம் என்று தூக்கினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கித் தானே ஏற்றினார். அவர் மனைவி எப்போதும் போல எனக்குக் கும்பிடு போட்டாள்.

அன்று மதியமே குமிழி நின்றுவிட்டது. பீரைப் பாட்டில்களில் ஊற்றி, கேனைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் வீட்டுக்காரம்மா நடையில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"பாத்தியா, அவங்க போனதும் நாத்தமும் போயிடுச்சு. இனிமே நம்ம ஆளா ஒருத்தரப் பாத்துச் சொல்லு."

சரிங்க என்றேன்.

இரண்டு வாரம் கழித்துக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு முதல் பாட்டிலைத் திறந்தேன். நுரை நன்றாக வந்தது. ருசியும் நன்றாகத்தான் இருந்தது.