நடுச்சுவர்

ஒஸ்லோவில் தம்பி வீடு தேடுகிறான். ரொம்மன் பகுதியில் ஒரு வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒன்று. பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்துவிடுகிறார்கள். நாளைக்கு ஏலம்; அதிக விலை கேட்கிறவருக்கு வீடு.

"உள்ள தமிழ் பேசாதக்கா. தமிழாளுங்க யாராவது வந்திருந்தா, ஏலத்துல தெரிஞ்சவங்களோட மோதற மாதிரி ஆயிடும். வீடு கிடைச்சாலும் மனஸ்தாபம்தான்" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டான்.

வாசலில் ஈரமான பூட்ஸ்கள் குவிந்து கிடக்கின்றன. நாங்களும் கழற்றுகிறோம். என் சாக்ஸில் பெருவிரல் எட்டிப்பார்க்கிறது. தம்பி மாடிக்கு ஓடிவிடுகிறான். சமையலறைச் சுவரில் சாய்ந்து நிற்கும் ஒரு பெண்ணிடம் நான் மாட்டிக்கொள்கிறேன்.

"நீங்கள் தமிழோ?"

நெற்றியில் பொட்டை வைத்துக்கொண்டே இல்லையென்று தலையாட்டுகிறேன்.

அவர் அந்தப் பொட்டை ஒரு கணம் பார்க்கிறார். பிறகு இங்கிலீஷுக்கு மாறுகிறார். வீடு வாங்க வரவில்லையாம், பக்கத்து வீடாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இந்த ஒரு சுவர்தான், இங்கே பேசினால் அங்கே கேட்குமாம். அதனால் யார் குடிவரப் போகிறார்கள் என்று பார்க்க வந்தாராம்.

நான் அந்தச் சுவரைப் பார்க்கிறேன். அதற்குள் மாடியிலிருந்து, தமிழ் பேசாதே என்று சொன்னவனின் குரல் வீடே அதிரக் கேட்கிறது.

"அக்கா! மேல வா! வெயில் எவ்ளோ நல்லா வருது பாரு!"

நான் அசையாமல் நிற்கிறேன்.

"போங்கோ" என்கிறார் அந்தப் பெண். "தம்பி கூப்பிடுறார்."